கம்ப்யூட்டருக்கும் கத்திரி வெயில்!

சித்திரை மாதம். உச்சி வேளை. புதுக்கோட்டைத் தெருக்களில் அனல் பறக்கிறது. வீட்டுக்குள் மின்விசிறி சுழன்றாலும், அதுவும் சூடான காற்றைத்தான் வீசுகிறது.

மனிதர்கள் மோர் குடித்துச் சமாளிக்கிறார்கள். மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

அதற்குள்ளே "கிராபிக்ஸ் கார்டு" என்று ஒன்று இருக்கிறது. திரையில் தெரியும் படங்களை வரைந்து தள்ளுவது அதுதான். விளையாட்டுப் பிரியர்களான இளைஞர்கள், கம்பெனி வைத்த வேகத்தைவிட அதிக வேகத்தில் அதை ஓட விடுகிறார்கள். இதற்கு "ஓவர்கிளாக்கிங்" என்று பெயர். வண்டிக் காளையைத் தார்க்குச்சியால் குத்தி விரட்டுவது போலத்தான்!

காளைக்கு மூச்சு வாங்கும். கார்டுக்குச் சூடு ஏறும்.

எவ்வளவு சூடு?

வேகத்தை 10 சதவீதம் கூட்டி, அதற்காக மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் கூட்டினால், சூடும் 10 சதவீதம்தான் கூடுமா? அதுதான் இல்லை. ஏறக்குறைய 33 சதவீதம் கூடிவிடும்! மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு கூடுவதே காரணம்.

அதனால்தான் கார்டுடன் வந்த கூலரைக் கழற்றிவிட்டு, தனியாக விற்கும் பெரிய கூலரை மாட்டும் வழக்கம் வந்தது. ஆர்க்டிக் கம்பெனி விற்ற "அக்சிலரோ எக்ஸ்ட்ரீம் 3" என்ற கூலரில் 3 விசிறிகள், 5 செம்புக் குழாய்கள்!

இந்தக் குழாய்கள் வேடிக்கையானவை. மூடிய குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். சூடான முனையில் அது ஆவியாகும். மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து, மீண்டும் தண்ணீராகித் திரும்பும். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்ற விஞ்ஞானி இத்தகைய குழாயைச் செய்து காட்டினார். பிறகு விண்கலங்களிலும் அது பயன்பட்டது.

பானை வேறு, கூலர் வேறு

மண்பானைத் தண்ணீர், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். பானையில் கசியும் நீர் ஆவியாகி, வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. கூலரால் அப்படிச் செய்ய முடியாது. அது கார்டின் சூட்டை அறைக் காற்றில் கொட்டும், அவ்வளவுதான். எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும், அறையைவிடக் கார்டு குளிராது. தண்ணீர் ஓடும் கூலருக்கும் இதே கதிதான்!

அறந்தாங்கியில் ஓர் இளைஞன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய கார்டு, அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சூடேறுகிறது. மார்கழி இரவில் அறை 25 டிகிரி, கார்டு 70. கவலை இல்லை. சித்திரையில் அறை 40 டிகிரி, கார்டு 85! அந்தச் சூட்டில் பல கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓவர்கிளாக்கிங் செய்த பலன் அங்கேயே போயிற்று.

வாங்கும் முன்பு

வெளிநாட்டார் குளிர் அறையில் சோதித்துச் சொல்லும் டிகிரியை அப்படியே நம்பக்கூடாது. அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதையே பார்க்கவேண்டும்.

கார்டில் உள்ள திருகுத் துளைகளின் இடைவெளியையும், பெட்டிக்குள் இருக்கும் இடத்தையும் அளந்து பார்க்கவேண்டும். நடுச் சில்லு குளிர்ந்தால் மட்டும் போதாது. பக்கத்திலுள்ள நினைவகச் சில்லுகளுக்கும், மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்களுக்கும் காற்றுப் படவேண்டும். அவற்றை மறந்தால், கூலர் புத்தம் புதிதாக இருக்கும். கார்டு கருகிப் போகும்!

கூலரைக் கழற்றினால் உத்தரவாதம் ரத்தாகுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஓசையும் ஒரு தொல்லை. 2003-ல் என்விடியா கம்பெனியின் "ஜீபோர்ஸ் எப்எக்ஸ் 5800 அல்ட்ரா" கார்டின் விசிறி போட்ட இரைச்சலை உலகமே கேலி செய்தது. கடைசியில் அந்தக் கம்பெனியாரே தங்களைக் கேலி செய்து படம் எடுத்தார்கள்!

செலவில்லாத வழி

செம்மண் தூசி படியும் ஊர்களில் முதல் வைத்தியம் தூரிகைதான். கூலரின் தகடுகளில் அடைத்திருக்கும் தூசியைத் தட்டினாலே பல டிகிரி இறங்குவது உண்டு. பெட்டியைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, காற்றோட்டம் தரலாம். வேகத்தைக் கூட்டாமல், மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கலாம். கார்டு தடுமாறாத வரை சூடும் குறையும், மின்கட்டணமும் குறையும்.

இவ்வளவும் செய்தபிறகும் சூடு தணியாவிட்டால், அப்போது கடைக்குப் போகலாம். கோடை நண்பகலில் காளையை விரட்டாதவனே சந்தைக்கு ஒழுங்காகப் போய்ச் சேருவான்!