தகரத்தில் பூக்கும் நீலம்

ஹட்டன் பக்கம் எங்கள் லயத்து இஸ்தோப்பில் துருப்பிடித்த தகரம் ஒன்று இருக்கிறது. அதில் அம்மா வளர்க்கும் ஹைட்ரேஞ்சியா கொத்துக் கொத்தாக நீல நிறத்தில் பூக்கும். அதிலிருந்து தடி வாங்கி நட்ட அடுத்த காம்பராவிலோ பூ இளஞ்சிவப்பு. ஒரே செடிக்கு எப்படி இரண்டு நிறம்?

காரணம் மண். தேயிலை விரும்புவது பி.எச். 4.5 முதல் 5.5 வரையான அமில மண். அத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். அம்மா மலையிலிருந்து மண் அள்ளி வந்தார். அடுத்த வீட்டில் அடுப்புச் சாம்பலைச் செடியடியில் கொட்டினார்கள். சாம்பலும் சுண்ணாம்பும் டொலமைட்டும் அமிலத்தைக் குறைக்கும், பூ சிவக்கும். வெள்ளைப் பூ வகைகள் மட்டும் இப்படி மாறுவதில்லை.

ஜப்பானைப் பூர்வீகமாகக் கொண்ட இச்செடிக்கு நுவரெலியா, ஹட்டன் குளிர் நன்கு ஒத்துப்போகும். காலை வெயில் படலாம். மதிய வெயில் ஆகாது. கிரவீலியா போன்ற மர நிழலோரம் நல்ல இடம். உதிர்ந்த இலைகளை அடியில் பரப்பினால் ஈரம் காயாது. தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது.

பூக்காத கிளையில் அரையடிக்கும் குறைவான தடி வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் நிழலில் வையுங்கள். சுமார் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். தேயிலையைப் போல அடியோடு கவ்வாத்து வெட்டாதீர்கள். பெரும்பாலும் பழைய தண்டில்தான் அடுத்த பூவின் மொட்டு உருவாகும். வாடிய பூவை மட்டும் கிள்ளினால் போதும். இலை நஞ்சு. ஆடு, மாடுகளுக்குப் போடவே கூடாது.

1977 கலவரத்துக்குப் பின் கிளிநொச்சிக்குப் போய்விட்ட எங்கள் பெரியம்மா, 2009 போர் முடிந்து முகாமிலிருந்து ஊர் திரும்பியதும் எங்களிடம் கேட்டது இந்தத் தடியைத்தான். கொண்டுபோய்க் கொடுத்தோம். வன்னி வெக்கையில் அது தாங்கவில்லை. "பரவாயில்ல, இங்க செவ்வரத்தை நிக்குது" என்றார். அவர் நட்டது தன் காணியில்.

எங்கள் செடி இன்னும் தகரத்தில்தான். நிலத்தில் வைத்தால் பல்லாண்டு வாழும். ஆனால் லயமும் முற்றமும் எங்களுக்குச் சொந்தமில்லை. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்தோம். 7 பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு இன்னும் எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கின்றன.

"காணி நம்ம பேருக்கு வரட்டும், இறக்கி வைப்போம்" என்கிறார் அம்மா. அதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தகரத்தை மாற்றுகிறோம்.