ஆட்டக்களமும் ஊர்மக்களும்

டென்னிஸ் முதலிய ஆட்டங்களுக்கு உரிய களங்கள் உலகெங்கும் ஒரே அளவில் அமைவன. நியூயார்க்கில் உள்ள டென்னிஸ் களத்திற்கும் டோக்கியோவில் உள்ள டென்னிஸ் களத்திற்கும் நீளத்திலோ அகலத்திலோ வேறுபாடு காண இயலாது. ஆயின், அமெரிக்க மக்களும் ஜப்பானிய மக்களும் பெரிதும் போற்றும் பேஸ்பால் ஆட்டத்தின் களங்கள் அத்தகையன அல்ல. ஒரு களத்தைப் போல் மற்றொரு களம் இராது. களம் வேறுபடுவதால் ஆட்டமும் வேறுபடுகிறது; அதனைக் காண வரும் மக்களின் பழக்கவழக்கங்களும் வேறுபடுகின்றன.

பேஸ்பால் மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. ஓர் அணிக்கு ஒன்பதின்மர் ஆடுவர். மட்டையாளர் நிற்கும் இடத்திற்கு 'ஹோம்' என்று பெயர். அவர் அங்கிருந்து ஓடி, மூன்று தளங்களையும் சுற்றி, மீண்டும் அவ்விடத்தையே வந்தடைந்தால் அவருடைய அணிக்கு ஓர் ஓட்டம் கிடைக்கும். இந்நான்கு இடங்களும் சேர்ந்து ஒரு சதுரம் ஆகும். அதன் ஒவ்வொரு பக்கமும் 90 அடி. பந்து வீசுபவர் ஹோமிலிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில் நிற்பார். இவ்வளவுகள் எக்களத்திலும் மாறா. ஆனால், சதுரத்திற்கு அப்பால் விரிந்து கிடக்கும் வெளிக்களம் எங்கே முடிய வேண்டும், அதன் எல்லைச் சுவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பன களத்திற்குக் களம் மாறும். அடித்த பந்து நிலத்தில் படாமல் அச்சுவரைக் கடந்து சென்றால், அது 'ஹோம் ரன்' எனப்படும். ஆதலால், சுவரின் அமைப்பு ஆட்டத்தின் போக்கையே மாற்றவல்லது.

இம்மாறுபாடு தோன்றியதற்குக் காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், களங்கள் நகரத் தெருக்களுக்கு நடுவே கிடைத்த நிலத்தில் அமைக்கப்பட்டன. தெரு வளைந்த இடத்தில் களமும் வளைந்தது. தெரு குறுக்கிட்ட இடத்தில் களமும் குறுகியது.

பாஸ்டன் மாநகரில் உள்ள பென்வே பார்க் இதற்கு நல்ல சான்று. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. களத்தின் இடப்புறத்தை ஒட்டி ஒரு தெரு செல்வதால், எல்லைக்கோட்டின் வழியே 310 அடித் தொலைவிலேயே சுவர் வந்துவிடுகிறது. அத்தொலைவு மிகக் குறைவு. ஆயினும் சுவரின் உயரம் 37 அடி. 1947-ஆம் ஆண்டில் அது பச்சை வண்ணம் பூசப்பெற்றது. அதன் பின்னர் மக்கள் அதனைப் 'பச்சை அரக்கன்' என்று அழைக்கலாயினர். வேறு களங்களில் எளிதாகப் பிடிபடக்கூடிய உயர்ந்த பந்து, இங்கே சுவருக்கு மேலாகச் சென்று ஹோம் ரன் ஆகிவிடும். வேறு களங்களில் எல்லை கடக்கக்கூடிய வேகமான தாழ்ந்த பந்தோ, இங்கே சுவரில் மோதித் திரும்பிவிடும். அது எப்பக்கம் தெறிக்கும் என்பதை இடப்புறத்தில் நிற்கும் ஆட்டக்காரர் பழகி அறிந்திருத்தல் வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் ஆட்ட எண்ணிக்கையைக் காட்டும் பலகை உள்ளது. இக்காலத்திலும் ஆட்கள் அதனுள் இருந்து எண் தகடுகளைக் கையாலேயே மாற்றுகின்றனர்.

வலப்புறத்துப் பார்வையாளர் வரிசைகளில் எல்லா இருக்கைகளும் பச்சை நிறமாக இருக்க, ஒன்று மட்டும் சிவப்பு நிறத்தில் விளங்கும். 1946-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் டெட் வில்லியம்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் அடித்த பந்து 502 அடி சென்று அவ்விடத்தில் விழுந்தது. அந்நிகழ்ச்சியின் நினைவுச்சின்னமே அவ்விருக்கை. பாஸ்டன் அணி 1918-ஆம் ஆண்டிற்குப் பின் 2004-ஆம் ஆண்டு வரையில் உலகத் தொடரை வென்றதில்லை. அந்த 86 ஆண்டுகளிலும் மக்கள் களத்தைக் கைவிடவில்லை. தந்தை மகனை அழைத்து வந்தார். மகன் தன் மகளை அழைத்து வந்தான்.

1999-ஆம் ஆண்டில், பழைய களத்தை விடுத்துப் புதியது ஒன்று கட்டுவதென்னும் திட்டம் வெளியாயிற்று. நகர மக்களுள் பலர் ஒன்று கூடி அதனை எதிர்த்தனர். 2002-ஆம் ஆண்டில் அணி வேறு உரிமையாளர்களிடம் சென்றது. அவர்கள் பழைய களத்தையே செப்பனிடுவது என முடிவு செய்தனர். 2003-ஆம் ஆண்டில் பச்சை அரக்கனின் தலைமீதே புதிய இருக்கைகள் போடப்பட்டன. களம் பிழைத்தது.

சிகாகோ மாநகரின் ரிக்லி பீல்டு மற்றொரு வகையான அழகு வாய்ந்தது. 1914-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அக்களத்தில், 1916-ஆம் ஆண்டு முதல் கப்ஸ் என்னும் அணி ஆடி வருகிறது. அதன் வெளிக்களச் சுவர் செங்கல்லால் ஆனது. 1937-ஆம் ஆண்டில் அச்சுவரை ஒட்டிப் படர்கொடிகள் நடப்பட்டன. கோடையில் சுவர் முழுவதும் பசுமை போர்த்திருக்கும். அடித்த பந்து கொடியினுள் சிக்கிக்கொண்டால், மட்டையாளர் இரண்டு தளங்கள் வரை செல்லலாம் என்பது அக்களத்திற்கு உரிய விதி.

ஏனைய களங்கள் எல்லாம் விளக்கொளியில் இரவு ஆட்டம் நடத்தத் தொடங்கிய பின்னரும், ரிக்லியில் பகலாட்டமே நீடித்தது. 1941-ஆம் ஆண்டில் விளக்கு அமைப்பதற்கென வாங்கி வைத்த பொருள்களை, அமெரிக்கா போரில் இறங்கியதும் உரிமையாளர் போர்ப்பணிக்கு வழங்கிவிட்டார். 1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் முதன்முதலாக அங்கு இரவு ஆட்டம் தொடங்கியது. அன்று மழை குறுக்கிட்டு ஆட்டத்தை நிறுத்திவிட்டது! இவ்வாறு நெடுங்காலம் பகலொளியிலேயே ஆட்டம் கண்டதால், ரிக்லியின் கூட்டத்தில் திருவிழாவுக்கு வந்தோரின் மகிழ்ச்சி காணப்படும். எதிரணியினர் அடித்த ஹோம் ரன் பந்து கைக்குக் கிடைத்தால், அதனை வைத்துக்கொள்ளாமல் களத்திற்குள்ளேயே திருப்பி எறிந்துவிடுவது அங்குள்ளோர் வழக்கம். அணி வென்ற நாளில் வெற்றியைக் குறிக்கும் எழுத்துப் பொறித்த வெண்கொடி களத்தின் மேல் ஏற்றப்படும்.

கப்ஸ் அணி 1908-ஆம் ஆண்டில் உலகத் தொடரை வென்றது; அடுத்த வெற்றி 2016-ஆம் ஆண்டில்தான் கிட்டியது. இடைப்பட்டவை 108 ஆண்டுகள். அவ்வாண்டு மக்கள் திரள்திரளாக வந்து, ரிக்லியின் வெளிச்சுவரில் சுண்ணக்கட்டியால் பெயர்களை எழுதினர். அவற்றுட் பல, வெற்றியைக் காணாமலே மறைந்துபோன தந்தையர், பாட்டன்மார் ஆகியோரின் பெயர்கள். கை எட்டும் உயரம் வரையில் செங்கற்கள் யாவும் பெயர்களால் நிறைந்தன.

மக்களின் அன்பு மட்டுமே ஒரு களத்தைக் காத்துவிடும் எனக் கருதுதல் தவறாகும். புரூக்ளினில் இருந்த எபெட்ஸ் பீல்டின் வரலாறு அதனை விளக்கும். நியூயார்க் மாநகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில், பல நாடுகளிலிருந்து குடியேறிய உழைப்பாளர் நிறைந்திருந்தனர். அங்கு 1913-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அக்களம், ஏறத்தாழ 32,000 பேரே அமரத்தக்க சிறிய அரங்கு. பார்வையாளரின் சொல் ஆட்டக்காரரின் காதில் விழும். அங்கு வருவோருள் சிலர் தாமே ஓர் இசைக்குழு அமைத்து, சுருதி சேராத கருவிகளை முழக்குவர். மாட்டுமணி ஒன்றைக் கையிலேந்தி ஆட்டந்தோறும் ஒலித்த பெண்மணியை அறியாதவர் அங்கு இலர். வலப்புறச் சுவரில் துணிக்கடைக்காரர் ஒருவரின் விளம்பரம் இருந்தது. அதனைப் பந்தால் அடிக்கும் ஆட்டக்காரருக்கு ஓர் உடை பரிசு.

இக்களத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கறுப்பின மக்களை முதன்மை அணிகளில் சேர்க்காத கொடுமை அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவியது. 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் சார்பில் எபெட்ஸ் பீல்டில் அடியெடுத்து வைத்து அத்தடையை உடைத்தார். 1955-ஆம் ஆண்டில் அவ்வணி முதன்முறையாக உலகத் தொடரை வென்றபோது புரூக்ளின் களிகூர்ந்தது.

இரண்டே ஆண்டுகளில் அம்மகிழ்ச்சி மறைந்தது. பெரிய களம் வேண்டிய உரிமையாளர், தாம் விரும்பிய இடம் அந்நகரில் கிடைக்காமற்போகவே, அணியை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டுசென்றார். 1957-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் எபெட்ஸ் பீல்டில் நடந்த கடைசி ஆட்டத்திற்கு ஏழாயிரத்திற்கும் குறைவானவர்களே வந்திருந்தனர். 1960-ஆம் ஆண்டு பிப்ரவரியில் களம் இடிக்கப்பட்டது. இடிப்பதற்குப் பயன்படுத்திய இரும்புக் குண்டின் மேல் பேஸ்பால் பந்தைப் போலவே வண்ணம் தீட்டியிருந்தனர். இப்பொழுது அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

ஒரு நகரின் இழப்பு மற்றொரு நகரின் ஊதியமாயிற்று என்று மட்டும் சொல்லி முடித்துவிட இயலாது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1962-ஆம் ஆண்டில் 56,000 இருக்கைகளுடன் திறக்கப்பட்ட டாட்ஜர் அரங்கு அமைந்த மேட்டு நிலத்தில், முன்னர் மெக்சிகோ வழிவந்த எளிய குடும்பங்கள் வாழ்ந்தன. ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவதாகக் கூறி அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. அத்திட்டம் கைவிடப்பட்டது, நிலமோ ஆட்டக்களத்திற்கு ஆயிற்று. எஞ்சிய குடும்பங்கள் 1959-ஆம் ஆண்டில் வலிந்து வெளியேற்றப்பட்டன. அப்புண் நெடுநாள் ஆறவில்லை. 1981-ஆம் ஆண்டில் மெக்சிகோவில் பிறந்த பெர்னாண்டோ வலென்சுவேலா என்னும் இளைஞர் அக்களத்தில் பந்து வீசி வெற்றிமேல் வெற்றி பெற்றபோதுதான், அவ்வினத்தார் பெருந்திரளாக அங்கு வரலாயினர்.

1960-களிலும் 1970-களிலும் அமெரிக்க நகரங்கள் பல, பேஸ்பாலுக்கும் கால்பந்துக்கும் ஒருங்கே பயன்படுமாறு வட்டவடிவக் கான்கிரீட் அரங்குகளைக் கட்டின. பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா ஆகிய நகரங்களின் அரங்குகள் ஒன்றற்கொன்று வேறுபாடு அறிய இயலாதவாறு இருந்தன. இருக்கைகள் மிகுந்தன, ஆனால் பார்வையாளர் களத்திற்கு வெகு தொலைவில் அமர நேர்ந்தது. மக்களின் நெஞ்சில் இடம் பெறாத அவ்வரங்குகள் 2001 முதல் 2004 வரையில் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. 1992-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்தார் புதிய களம் கட்டியபோது, அருகில் இருந்த பழைய செங்கற் கிடங்கை இடிக்காமல் களத்தின் ஒரு பக்கமாகவே அமைத்துக்கொண்டனர். அதனைக் கண்ட பிற நகரங்களும், ஊரின் சாயல் தோன்றுமாறு களம் அமைக்கத் தொடங்கின.

அமெரிக்காவில் பிறந்த இவ்வாட்டம் ஜப்பானில் வேறொரு கோலம் கொண்டது. அந்நாட்டின் நிஷினோமியா நகரில் உள்ள கோஷியன் அரங்கு 1924-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் திறக்கப்பட்டது. தமிழர் பிரபவ முதலாக அறுபது ஆண்டுகளை எண்ணுவது போலவே, கிழக்காசிய மக்களிடையேயும் அறுபதாண்டு வட்டம் ஒன்று உண்டு. அவ்வட்டத்தின் முதலாண்டில் கட்டப்பெற்றமையால், அவ்வாண்டின் பெயரையே அக்களம் பெற்றது. கடல் அண்மையில் இருப்பதால், வலப்புறத்திலிருந்து இடப்புறம் நோக்கிக் கடற்காற்று வீசி, பறக்கும் பந்தின் போக்கை மாற்றும். அமெரிக்கக் களங்கள் பலவற்றில் தளங்களுக்கு இடையே புல் வளர்ந்திருக்கும். கோஷியனில் அவ்விடம் முழுவதும் கருநிற மண்ணே.

அமெரிக்கக் கூட்டத்தில் அவரவர் தமக்குத் தோன்றியபோது ஆர்ப்பரிப்பர். ஜப்பானியக் கூட்டத்திலோ ஊதுகொம்பும் முரசும் வழிகாட்ட, ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் பாடுவர். ஒவ்வொரு மட்டையாளருக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. தம் அணி மட்டை பிடிக்கும் வரையில் பாட்டு ஓயாது. எதிரணியின் முறை வந்ததும் பாடும் உரிமை எதிர்ப்பக்கத்தாருக்குச் சென்றுவிடும்.

கோஷியனின் உண்மையான பெருமை, ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் அங்கு நடைபெறும் உயர்நிலைப் பள்ளி மாணவர் போட்டியில் உள்ளது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட பள்ளிகள் தத்தம் மாவட்டங்களில் மோத, வென்ற பள்ளிகள் மட்டுமே கோஷியனுக்கு வரும். அங்கு ஒரு முறை தோற்றவர் ஊர் திரும்ப வேண்டியதுதான். தோற்ற மாணவர்கள் கண்ணீருடன் மண்டியிட்டு, அக்களத்து மண்ணைக் கையால் அள்ளிப் பைகளில் நிரப்பிக்கொண்டு செல்வர்.

1958-ஆம் ஆண்டில், ஒகினாவா தீவின் ஷூரி உயர்நிலைப் பள்ளி அப்போட்டிக்கு வந்தது. போருக்குப் பின் அத்தீவு அமெரிக்க ஆட்சியில் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்ற அம்மாணவர்களும் மற்றவர்களைப் போல மண் எடுத்துச் சென்றனர். தாயகத் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றபோது, வெளிநாட்டு மண்ணைத் தீவிற்குள் கொண்டுவரச் சட்டம் இடந்தராது என்று கூறி, அதிகாரிகள் அதனைக் கடலில் கொட்டச் செய்தனர். இச்செய்தியை அறிந்து மனம் வருந்திய விமானப் பணிப்பெண் ஒருவர், சட்டம் மண்ணைத்தான் தடுக்கும், கல்லைத் தடுக்காது என்று எண்ணினார். கோஷியனில் கிடைத்த சிறு கற்களை அவர் அப்பள்ளிக்கு அனுப்பி வைத்தார். அக்கற்கள் பதிக்கப்பெற்ற நினைவுச்சின்னம் ஷூரி பள்ளியில் இன்றும் உள்ளது.

பாஸ்டன் மக்கள் தம் களத்தைக் காத்துக்கொண்டனர். புரூக்ளின் மக்கள் இழந்தனர். ஒகினாவா மாணவர்கள் ஒரு பிடி மண்ணையும் கொண்டுசெல்ல இயலாமல் நின்றனர். களத்தின் உரிமைப் பத்திரம் ஒருவர் பெட்டியில் இருக்கலாம். ஆனால், அதனை மண்ணும் கல்லும் என்ற நிலையிலிருந்து உயர்த்தி ஊரின் உயிராக்குவோர், ஆண்டாண்டாக அங்கு வந்து அமரும் மக்களே ஆவர். களம் கட்டுவோரும் இடிப்போரும் அம்மக்களை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.