சிறுநீரகத்தை ஒலியாற் காணல்

“சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கான் செய்துகொண்டு வாருங்கள்” என்று வைத்தியர் துண்டு எழுதிக் கொடுத்ததும் மக்களிடையே இருவகை மயக்கங்கள் தோன்றுதல் இயல்பு. ஊசியோ கத்தியோ உடலிற் படுமோ, கதிர்வீச்சினாற் கேடு விளையுமோ என்று அஞ்சி, குறித்த நாளைத் தள்ளிப்போடுவார் ஒரு சாரார். ஸ்கான் ஒன்று செய்துவிட்டாற் சிறுநீரகத்தின் நலமும் கேடும் முற்றாகத் தெரிந்துவிடும் என்று நம்புவார் மற்றொரு சாரார். இவ்விரண்டனுள் பின்னதே பெருங்கேடு பயப்பது. ஆதலின் இப்பரிசோதனை யாது, அது எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பவற்றை அறிந்து செல்லுதல் நன்று.

இதன் அடிப்படை ஒலி. வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதர் செவி கேளாது. வயிற்றினுள்ளே காண்பதற்குப் பயன்படும் ஒலியோ பொதுவாக வினாடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் முறை வரை அதிர்வது. கிணற்றினுட் குனிந்து கூவினால் அக்குரல் திரும்பி வருவதுபோல, கையடக்கமான ஒரு கருவியிலிருந்து புறப்படும் ஒலி உடலினுட் சென்று, உறுப்புக்களின் எல்லைகளிற் பட்டு எதிரொலியாகத் திரும்புகின்றது. உடலின் மென்மையான பகுதிகளினூடே ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் வேகத்திற் செல்லும். எனவே எதிரொலி வந்துசேரும் காலத்தைக் கொண்டு, அது எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்பதைக் கணித்துப் பொறி திரையிற் படம் வரைகின்றது. உலோகத்தில் மறைந்துள்ள வெடிப்புக்களைக் கண்டறியத் தொழிற்சாலைகளில் வழங்கிய முறை இதற்கு முன்னோடி. கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று வைத்தியரான இயன் டொனால்ட் அம்முறையை மனிதர் வயிற்றிற் பரீட்சித்து, தம் துணைவருடன் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு வழி திறந்தது. எக்ஸ்கதிர் இதில் இல்லை. கருவுற்ற மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் இதனைச் செய்வது அதனாலேயே.

சிறுநீரகங்களோடு சலப்பையையும் பார்க்க வேண்டியிருப்பின், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன் மூன்று நான்கு குவளை தண்ணீர் பருகி, சலம் கழியாது வரும்படி கூறுவர். நீர் ஒலியைத் தடையின்றிச் செல்லவிடும். காற்றோ அதனைத் திருப்பி அனுப்பிவிடும். வயிறு முழுவதையும் பார்க்க வேண்டுமாயின், சில மணி நேரம் உணவின்றி வருமாறும் சொல்லப்படலாம். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ பெறுபவர் உண்ணாதிருக்குமுன் அம்மருந்தை என்செய்வது என்பதையும், தண்ணீரை அளந்து பருகுமாறு பணிக்கப்பட்ட நோயாளர் எவ்வளவு பருகலாம் என்பதையும் வைத்தியரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். உண்மையில் இப்பரிசோதனையில் வரும் தொல்லை ஒலியினால் அன்று, நிரம்பிய சலப்பையுடன் வாங்கில் அமர்ந்திருப்பதனாலேயே எனலாம். தாங்க இயலாவிடின் தாதியரிடம் கூறுவதில் நாணம் வேண்டா.

அறை சற்று இருண்டிருக்கும். திரையிலுள்ள படம் தெளிவாகத் தெரிதற்பொருட்டு அவ்வாறு செய்வர். நோயாளி கட்டிலிற் படுத்து வயிற்றையும் விலாப்புறத்தையும் திறந்து காட்டல் வேண்டும். குளிர்ச்சியான ஒரு பசையைத் தோலிற் பூசுவர். அது மருந்தன்று, கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்றுப் புகாதிருக்கச் செய்யும் உபாயமேயாம். பின்னர்க் கருவியைச் சற்றே அழுத்தி அங்குமிங்கும் நகர்த்துவர். வலச் சிறுநீரகம் ஈரலின் கீழும், இடச் சிறுநீரகம் மண்ணீரலின் அருகிலும் விலா எலும்புகளின் மறைவில் உள்ளன. மூச்சை உள்ளிழுத்து நிறுத்தினால் அவை சற்றுக் கீழிறங்கிப் பார்வைக்கு எட்டும். “மூச்சைப் பிடியுங்கள்”, “மறுபுறம் திரும்புங்கள்” என்று இடையிடையே கட்டளை வருவதன் காரணம் இதுவே. பரிசோதிப்பவர் நெடுநேரம் பேசாதிருப்பதைக் கண்டு, ஏதோ தீங்கு கண்டுவிட்டார் எனக் கலங்குவோர் பலர். அவர் அளவெடுப்பதிற் கருத்தூன்றியிருக்கிறார், அவ்வளவே. பின்பு சலம் கழித்துவரச் செய்து, சலப்பையில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று மீண்டும் பார்த்தலும் உண்டு. வயது முதிர்ந்த ஆடவர்க்கு இது முக்கியமானது. எல்லாம் பெரும்பாலும் அரை மணி நேரத்துள் முடிந்துவிடும்.

பழைய நூல்கள் குண்டிக்காய் என்று கூறும் இவ்வுறுப்பு, வளர்ந்தோரிடத்துப் பொதுவாக 9 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. இரண்டும் உள்ளனவா, அளவொத்தனவா, சலம் வெளியேறும் வழி அடைபட்டு உட்பகுதி வீங்கியுள்ளதா என்பவற்றை ஸ்கான் நன்கு காட்டும். கல் இருப்பின் அது ஒளிர்ந்து தோன்றி, தன் பின்னே ஒரு நிழலை வீழ்த்தும். ஆயினும் மிகச் சிறிய கற்களும், சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்குச் செல்லும் குழாயில் இறங்கிய கற்களும் தப்பிவிடுதல் கூடும், அவற்றுக்குச் சீ.ரி. ஸ்கான் மேலானது.

அறிக்கையிற் காணும் சொற்களுள் நோயாளரைப் பெரிதும் அச்சுறுத்துவது ‘கட்டி’ என்பது. மெல்லிய சுவரும் உள்ளே தெளிந்த நீருமுடைய நீர்க்கட்டி ஐம்பது வயதைக் கடந்தோர் பலரிடத்து உள்ளது. அதற்குப் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டுவதில்லை. சுவர் தடித்திருந்தாலோ உள்ளே திண்ணிய பகுதி தோன்றினாலோ மேலும் ஆராய்வர். இரு சிறுநீரகங்களிலும் எண்ணற்ற நீர்க்கட்டிகள் நிறைந்திருப்பின் அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. உடன்பிறந்தோரும் வைத்தியரைக் காணவேண்டிய நிலை அது.

இனி, ஸ்கான் காட்டாதது யாது? நெல்லாலை ஒன்றின் கட்டடத்தை வெளியே நின்று அளந்தால் அதன் நீளமும் அகலமும் தெரியும். உள்ளே நாளொன்றுக்கு எவ்வளவு நெல் குற்றப்படுகின்றது என்பது தெரியாது. ஸ்கான் சிறுநீரகத்தின் உருவத்தைக் காட்டுவது. அதன் தொழிலைக் காட்டுவதன்று. குருதியைச் சுத்திகரிக்கும் ஆற்றல் குறைந்துவரும் காலத்திலும் உருவம் வழுவின்றித் தோன்றுதல் உண்டு. நீரிழிவினாற் பழுதுறும் சிறுநீரகம் தொடக்கத்தில் இயல்பான அளவிலேயே இருக்கும். சிலபோது சற்றுப் பெருத்தும் காணப்படும்.

இவ்வுண்மை இலங்கையில் ஏட்டளவில் நிற்பதன்று. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த விவசாயப் பகுதிகளிலும், காரணம் திட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் உழவர் குடும்பங்களை வருத்தி வருகின்றது. அது வலியின்றி வருவது. ஆரம்பத்தில் ஸ்கான் குறையொன்றும் காட்டாதிருக்கலாம். சிறுநீரகம் சுருங்கி, திரையில் வழமைக்கு மாறாக வெளிறித் தோன்றும்போது நோய் பெரிதும் முற்றியிருக்கும். “ஸ்கானில் ஒன்றுமில்லை” என்ற சொல்லைக் கேட்டு வயலுக்குத் திரும்பி, கிளினிக்கை மறந்துவிடும் உழவர் இழப்பது சிகிச்சைக்குரிய ஆண்டுகளையேயாம். குருதியிலுள்ள கிரியேற்றினின் அளவும், சலத்திற் புரதம் செல்கின்றதா என்ற பரிசோதனையுமே தொழிலின் நிலையை உணர்த்துவன. இந்நோயில் புரதம் மிகக் குறைவாகவே கசியலாமாதலின், சலப் பரிசோதனையோடு அமையாது குருதியையும் பரிசோதித்தல் வேண்டும்.

ஆகவே அறிக்கையைப் பெறுபவர், “சிறுநீரகங்களின் நீளம் எவ்வளவு? முன்னையதிலும் குறைந்துள்ளதா? கிரியேற்றினின் எவ்வளவு?” என மூன்று வினாக்களை வைத்தியரிடம் வினவலாம். இரண்டாம் வினாவுக்கு விடை கூற வைத்தியருக்குப் பழைய அறிக்கை வேண்டும். அதனைக் கிளினிக் கொப்பியினுள் வைத்து, ஒவ்வொரு முறையும் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும்.