மாட்டுக்கு முன்னே புல்

கடன் வாங்கி முதல் கறவை மாடு பிடிக்கப் போறீங்களா? அதற்கு முன்னே புல்லை நடுங்கள். கலப்பினப் பசு ஒன்றுக்கு நாளைக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம் வேணும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணையை நட்டால், 75 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. புல் தயாரானதும் மாடு தேடுங்கள்.

மடி பெருத்திருக்கேன்னு மயங்கிடாதீங்க. முந்தின வேளை கறக்காமல் விட்டிருக்கலாம். விற்பவர் கொட்டிலிலேயே மூன்று வேளை கறந்து பாருங்கள். முதல் வேளையைத் தள்ளிவிட்டு, அடுத்த இரண்டு வேளையைக் கூட்டுங்கள். அதுதான் ஒரு நாள் பால். நான்கு காம்பிலும் சீராகப் பால் வரணும். முதல் அல்லது இரண்டாம் ஈற்றுப் பசுவே நல்லது.

வாங்கியதும் காப்பீடு செய்துவிடுங்கள். மாடு போனாலும் கடன் போகாது, இல்லையா?