ஏணியைக் காக்கும் மைத்துனன்

குழந்தைகளின் இருமலுக்கென நம் இல்லங்களில் ஒரு சிறு புட்டித் தேனேனும் இருக்கும். அது வந்த வழியை நாம் எண்ணுவதில்லை.

மலைத்தேனீ பொந்தில் அடங்கி வாழ்வதன்று. ஓங்கிய மரக்கிளையிலோ பாறை விளிம்பின் அடியிலோ ஒற்றை அடையைத் திறந்தவாறே தொங்கவிடும். அவ்வடை மூன்றடி அகலம் வளர்வதுண்டு. சினந்தால் கூட்டமாய்த் துரத்திக் கொட்டும்.

நீலகிரிக் குறும்பர், பச்சிலைப் புகையால் ஈக்களை விலக்கி, காட்டுக்கொடியால் பின்னிய ஏணியில் தொங்கியவாறு, நீண்ட மூங்கிற்கழியால் அடையை அறுத்து, கயிற்றில் கட்டிய கூடையில் வீழ்த்துவர். மலைபடுகடாம் 'மால்பு' என்று சுட்டும் ஏணியும் தேன் எடுப்போருடையதே. ஆனைமலைக் காடரோ, அடிமரத்தில் மூங்கில் முளைகளை அறைந்து, அவற்றையே படிகளாக்கி நெடுமரங்களில் ஏறுவர்.

பாறை உச்சியில் ஏணியின் முடிச்சைக் காத்து நிற்பவர் யார்? இறங்குபவரின் அண்ணன் தம்பியர் அல்லர், மனைவியின் உடன்பிறந்தான். தன் தங்கை தாலியிழப்பதை எந்த அண்ணன் பொறுப்பான்? மைத்துனர் என்றாலே கேலி பேசிப் பழகிய நமக்கு இது சற்றுப் புதுமைதான். காடரிடையேயும் இவ்வெச்சரிக்கை இருந்தது. மனைவியோ மகனோ காவலிருந்தாலன்றி அவர்கள் பாறை ஏணியில் கால் வைப்பதில்லை என்று, 1909-இல் வெளிவந்த தம் நூலில் எட்கர் தர்ஸ்டன் எழுதியுள்ளார்.

கொடி எத்துணை உறுதியாயினும், அதன் முடிச்சை அவிழ்க்க ஒரு கை போதும். அக்கை எவருடையது என்று தேர்ந்த பின்னரே அவர்கள் இறங்கினர்.