முப்பது ரூபாய்க் குமாஸ்தா

1912 மார்ச்சு முதல் தேதியன்று சென்னைத் துறைமுகத்துக் கணக்குப் பகுதியில் ஒரு வாலிபர் குமாஸ்தாவாக அமர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அவரே ஸ்ரீநிவாச ராமானுஜன்.

கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால், கும்பகோணம் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தை இழந்தவர்; எப்.ஏ. பரீக்ஷையிலும் தேறாதவர். பகலெல்லாம் துறைமுகக் கணக்கு. எஞ்சிய வேளையில் தம் கணிதம். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்ற நிலைமை ஓராண்டுக்கு மேல் நீடித்தது.

மேலதிகாரி நாராயணையரும், துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும் அவர் அருமையை அறிந்தனர். 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியை வியப்பிலாழ்த்தியது. அவ்வாண்டு மே முதல், பட்டமில்லாத அவருக்குச் சென்னைச் சர்வகலாசாலை விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் வழங்கிற்று. மூன்று மாதத்துக்கொருமுறை அறிக்கை தருவதே கடமை. 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார்.

மேதை அவரிடம் முன்னரே இருந்தது. சர்வகலாசாலை ஈந்தது அவகாசம் ஒன்றே.

துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள ராயபுரத்தில் 1993-ல் அவர் பெயரால் காட்சிசாலை ஏற்பட்டது. நன்று. ஆயினும், தற்காலிக ஆசிரியப் பணிக்கும் குடும்பச் சுமைக்கும் நடுவே ஆராய்ச்சி செய்யும் இளைஞர் இன்றும் பலர். மறைந்த மேதைக்கு ஞாபகச் சின்னம் எழுப்பும் தேசம், வளரும் மேதைக்கு வயிற்றுக் கவலையற்ற இரண்டாண்டுகளை அளிக்கலாகாதா?