கரியைப் பகிர்ந்தவர் வாளைப் பகிராததேன்?

ஐரோப்பிய வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “நிலக்கரியைப் பொதுவாக்க இசைந்த நாடுகள் படையைப் பொதுவாக்க ஏன் இசையவில்லை, ஐயா?” என்று வினவினான். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை.

1950ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், பிரான்சின் வெளிவிவகார அமைச்சர் ரொபேர் சூமான், தம் நாட்டினதும் ஜேர்மனியினதும் நிலக்கரி, உருக்கு உற்பத்தியைப் பொது அதிகாரமொன்றின்கீழ் வைக்க முன்மொழிந்தார். மறு ஆண்டே ஆறு நாடுகள் அதற்கான உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. அதே ஆறு நாடுகள் 1952இல் பொதுப்படை அமைக்கும் உடன்படிக்கையிலும் கைச்சாத்திட்டன. அத்திட்டத்தை முன்மொழிந்ததும் பிரான்சே. 1954 ஆகஸ்ட் 30இல் 319க்கு 264 என்ற வாக்குகளால் அதனைக் கிடப்பிற் போட்டதும் பிரான்சின் பாராளுமன்றமே.

கரியும் உருக்கும் கணக்கில் அடங்குவன. வேலையிழந்த தொழிலாளிக்கு நட்டஈடு வழங்கலாம். நாட்டின் உயிர்ப்பாதுகாப்பை இழந்தால் எதைக் கொண்டு ஈடு செய்வது? பொருளியலிற் பிணைப்பு எளிது, பாதுகாப்பில் அரிது என்று 1966இல் அறிஞர் ஸ்டான்லி ஹொஃப்மன் வாதிட்டார். நான் மாணவனுக்குக் கூறியதும் அதுவே.

ஆயின், நாணயம்? அரசுகள் தம் முத்திரையைப் பொறித்து வெளியிட்ட நாணயத்தினும் மேலான இறைமைச் சின்னம் யாது? அதனையன்றோ 2002இல் பன்னிரண்டு நாடுகள் கைவிட்டு யூரோவை ஏந்தின!

காரணத்தைப் பின்னரே உணர்ந்தேன். 1980களில் ஜேர்மனியின் மத்திய வங்கி வட்டி வீதத்தை உயர்த்தினால், அயல்நாடுகள் பெரும்பாலும் அதனைப் பின்பற்றவே நேர்ந்தது. அவற்றின் தனியுரிமை ஏட்டளவில் நின்றது. பொது வங்கியிலோ அவற்றுக்கும் ஓர் ஆசனம் உண்டு. முன்னரே நழுவிவிட்டதைக் கொடுத்து, முன்னர் இல்லாத பங்கொன்றைப் பெற்றன.

வரிவிதிப்பு அவ்வாறு நழுவவில்லை. யார் எவ்வளவு செலுத்துவது என்பதற்கு ஒவ்வொரு பாராளுமன்றமும் தன் மக்களுக்கே விடையிறுக்க வேண்டும். ஆதலின் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சட்டத்தை ஒரே நாடு மறுப்பினும் இன்றும் அது நிறைவேறாது. வெளியுறவிலும் பெரும்பாலும் அதே விதிதான்.

ஒரு துறை உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பது மட்டும் விடையாகாது. தனித்து வைத்திருப்பதால் கையில் மெய்யாக எஞ்சுவது யாது என்றும் கேட்க வேண்டும். எஞ்சுவது வெறும் பெயராயின் நாடுகள் பகிர்கின்றன. உயிராயின் இறுகப் பற்றுகின்றன.

அம்மாணவன் இன்று எங்குளனோ அறியேன். அவனுக்குரிய விடையைக் காலந்தாழ்த்தியேனும் இங்கே எழுதிவைக்கிறேன்.